அவ்வை ஒருத்தி அல்லள்

தமிழ்நாட்டில் எழுத்தறிந்த ஆடவருள் மிகப் பலர் ஒரு ஸ்திரீயின் வாக்கைச் சொல்லியே எழுத்தறிந்தனர். மணலைப் பரப்பி விரலால் உயிரெழுத்து எழுதிய திண்ணைப் பள்ளிக்கூடத்துக் காலந்தொட்டு, அகர வரிசையில் அறம் புகட்டிய ஆசிரியை அவ்வையேயாவார். ஆயினும் அவர் யார், எக்காலத்தவர், ஒருவரா பலரா என்று விசாரித்தறிந்தவர் நம்மவருள் மிகச் சிலரே. தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ பள்ளிச் சிறுவன் ஒருவனை நிறுத்தி அவ்வை யார் என்று வினவுங்கள். தலை நரைத்த கிழவி, கையிலே கோல், நெற்றியிலே நீறு, நாவல் மரத்தடியில் முருகனிடம் சுட்ட பழம் கேட்டு ஏமாந்தவள் என்று தயங்காமல் விடை பகர்வான். அவ்விடையிலுள்ள பிழை சிறுவனுடையதன்று. அவனுக்கு அவ்வாறு கற்பித்த பெரியோருடையது.

அவ்வை என்ற பெயரால் விளங்கிய மாதர் ஒருவரல்லர், பலர். அவர்களுள் குறைந்தது இருவர் ஒருவருக்கொருவர் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு இடைவெளியில் வாழ்ந்தவர்கள். ஆராய்ச்சியாளருள் மூவர் என்பாரும், அறுவர் வரை எண்ணுவாரும் உளர். எண்ணைப் பற்றிய வழக்கில் நாம் தலையிடப் போவதில்லை. பலரை ஒருத்தியாகக் குழைத்து, அந்த ஒருத்தியையும் கிழவியாக்கி வைத்ததால் நமது சமூகம் இழந்தது யாது என்பதே நமது கேள்வி. பொதுமேடைகளில் அவ்வையின் பெயரை அடிக்கடி எடுத்தாளும் தேசத் தொண்டர்கள் இக்கேள்வியைச் சற்றுச் செவிமடுக்க வேண்டுகிறோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். அவ்வை என்பது தாய், மூதாட்டி, வணங்கத்தக்க மாது என்று பொருள்படும் பழஞ்சொல். கன்னடத்தில் அவ்வ என்றால் தாய். தெலுங்கில் அவ்வ என்றால் பாட்டி. ஆகவே இஃது இட்ட பெயரோ, மரியாதை பற்றி உலகம் வழங்கிய பெயரோ என்று துணிவது எளிதன்று. பிற்காலத்தில் புலமை மிக்க ஸ்திரீ ஒருத்தி தோன்றியபோது ஊரார் அவளையும் அவ்வை என்றழைத்ததில் வியப்பில்லை. புலவர் உலகில் ஒரே பெயரைப் பலர் பூண்டது புதுமையுமன்று. கபிலர் பலர், நக்கீரர் பலர். அவர்களைக் காலம் பற்றியும் நடை பற்றியும் பகுத்துக் காட்டுவதில் நமது பண்டிதர்கள் அயர்ந்ததில்லை. அவ்வை விஷயத்தில் மட்டும் பண்டிதர் பகுத்தது பண்டிதரிடமே தங்கிவிட்டது. ஊராருக்கு இன்றளவும் அவ்வை ஒருத்தியே.

சங்க காலத்து அவ்வையார் பாடியனவாக 59 பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. புறநானூற்றில் 33, குறுந்தொகையில் 15, நற்றிணையில் 7, அகநானூற்றில் 4. சங்கத்துப் பெண்பாற் புலவருள் இத்துணைப் பாடல்கள் வேறெவருக்கும் இல்லை. புறநானூற்றை உ. வே. சாமிநாதையரவர்கள் 1894-ஆம் ஆண்டு அச்சேற்றும் வரையில் இவ்வம்மையாரைத் தமிழுலகம் அறியவில்லை என்றே கூறலாம். ஆத்திசூடி அவ்வை வீடுதோறும் இருந்தார். அதியமானின் அவ்வை ஏட்டுச் சுவடிக்குள் உறங்கினார். முன்னவரே பின்னவர் என்று ஜனங்கள் எண்ணியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தகடூர், அதாவது இன்றைய தர்மபுரிச் சீமையை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு இவர் அவைக்களப் புலவர் மட்டுமல்லர். நண்பர், ஆலோசனை கூறுபவர், தூதர். பெறற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது அவ்வைக்கு அம்மன்னன் அளித்த வரலாறு யாவரும் அறிந்ததே. பலர் அறியாதது வேறொன்று. புறப்பாட்டொன்றில் பகைவேந்தன் ஒருவன் மைதீட்டிய கண்ணும் ஒளி பொருந்திய நெற்றியுமுடைய விறலியை விளித்து, உங்கள் நாட்டில் போர் செய்வாரும் உளரோ என்று வினவுகிறான். அதற்கு விடை கூறும் பெண், தன் நாட்டு வீரரைக் கோலுக்கு அஞ்சாத பாம்புக்கு ஒப்பிடுகிறாள். மன்றத்திலே தொங்கும் முரசின்மீது காற்று மோதி ஒலியெழுந்தாலும், போர் வந்ததோ என்று மகிழ்ந்தெழும் தலைவனைப் பற்றிச் சொல்லுகிறாள். அவ்விறலி அவ்வையே என்று கொண்டால், பேசியவள் கோலூன்றிய கிழவியல்லள். ஆடலும் பாடலும் வல்ல இளம்பெண்.

அதியமானின் ஆற்றலை விளக்க அவர் எடுத்தாளும் உவமையும் நோக்கத்தக்கது. நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்யவல்ல தச்சன், ஒரு மாதம் முழுதும் எண்ணி எண்ணி ஒரே ஒரு சக்கரத்தைச் செய்தால் அஃது எப்படியிருக்கும், அப்படிப்பட்டவன் எங்கள் தலைவன் என்கிறார். பட்டறையை அருகிருந்து பார்த்தவருக்கன்றி இவ்வுவமை தோன்றாது.

இனி, அவர் தூது சென்ற செய்தி. இச்செய்தியில் தென்சென்னைப் புறநகர்வாசிகளுக்குத் தனி உரிமை உண்டு. தாம்பரமும் பல்லாவரமும் திருநீர்மலையும் குன்றத்தூரும் பழைய தொண்டை நாட்டின் பகுதிகள். அந்நாட்டை ஆண்ட தொண்டைமானிடத்துக்கே அதியமானின் தூதராக அவ்வையார் வந்தார். தன் படைப்பெருக்கைக் காட்டி அச்சுறுத்த நினைத்த தொண்டைமான், அவரைப் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றான். அவ்வையார் பார்த்தார். இங்கேயுள்ள வேல்கள் மயிற்பீலி சூடி, மாலை தரித்து, நெய் பூசப்பெற்றுக் காவலுள்ள மனையிலே அழகாக இருக்கின்றன. எங்கள் மன்னனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திலே கிடக்கின்றன என்றார். புகழ்வது போலப் பழித்தல் என்று இலக்கணக்காரர் இதற்குப் பெயரிட்டுத் திருப்தியடைவர். நாம் அதைவிடப் பெரிய செய்தியொன்றை இதிற் காண்கிறோம். ஓர் அரசன் தன் நாட்டின் மானத்தையும் போர் சமாதானம் என்னும் பொறுப்பையும் ஒரு ஸ்திரீயின் நாவிலே ஒப்படைத்தான். எதிரியரசனும் அவளை அந்தப்புரத்துக்கு அனுப்பாமல் ஆயுதசாலைக்கு அழைத்துச் சென்றான். சட்டசபைகளில் ஸ்திரீகளுக்கு இடமளிக்கலாமா என்று 20-ஆம் நூற்றாண்டில் நீண்ட விவாதம் நடத்தியவர்கள் இதனைப் படித்திருந்தார்களோ என்று கேட்கத் தோன்றுகிறது.

இவையெல்லாம் கவிக் கற்பனை என்று தள்ளிவிடவும் இயலாது. அதியமான் கோவலூரை வென்றதையும், அதைப் பரணர் பாடியதையும் அவ்வையார் குறிப்பிடுகிறார். கோவலூர் என்பது இன்றைய திருக்கோவலூர். அதற்கு அண்மையிலுள்ள ஜம்பை என்னும் ஊரின் குன்றிலே, அதியன் நெடுமான் அஞ்சி அளித்த கற்படுக்கை என்று பொருள்படும் பழந்தமிழ் எழுத்துச் சாஸனமொன்று 1981-ஆம் ஆண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அசோகச் சக்கரவர்த்தியின் சாஸனங்களில் சத்தியபுத்திரர் என்று வரும் மரபுப் பட்டத்தோடு அச்சாஸனம் அவனைக் குறிக்கிறது. பாட்டில் வாழ்ந்த மன்னன் கல்லிலும் எழுந்து நின்றான். அவனைப் பாடிய பெண்ணும் கட்டுக்கதையல்லள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இவ்வம்மையாரின் அகப்பாடல்களைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவோரும் நம்மிடையே உளர். காதலனைப் பிரிந்து உறக்கமின்றித் தவிக்கும் பெண்ணொருத்தி, தன் நோயறியாமல் நிம்மதியாகத் தூங்கும் ஊரை என்ன செய்வேன், முட்டுவேனோ, தாக்குவேனோ, ஓலமிடுவேனோ என்று கொதிக்கும் குறுந்தொகைப் பாட்டு இவருடையதே. தமக்கு முன் பிரிவினால் அலைந்த வெள்ளிவீதியார் என்னும் மற்றொரு பெண்பாற் புலவரை அகநானூற்றிலே நினைவுகூர்கிறார். ஒரு பெண்கவி மற்றொரு பெண்கவியைப் பெயர் சொல்லிப் போற்றும் இச்செய்தி, கல்வியுடைய ஸ்திரீகளின் கோஷ்டியொன்று அக்காலத் தமிழகத்தில் இருந்ததென்பதைக் காட்டுகிறது. பாட்டிக் கதையில் இப்பாடல்களுக்கு இடமேது? ஆகவே அவை மறக்கப்பட்டன.

நிற்க. நீதிநூல் பாடிய அவ்வை வேறொருவர். ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி என்ற நான்கும் இவர் வாக்காக வழங்குகின்றன. நல்வழியின் முடிவிலே திருக்குறளோடு மூவர் தேவாரமும் திருக்கோவையும் திருவாசகமும் திருமூலர் வாக்கும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. தேவார மூவருக்கும் மாணிக்கவாசகருக்கும் பின்னே பிறந்தவரன்றி வேறெவரும் இப்படிப் பாட இயலாது. சோழர் காலத்தவர், பெரும்பாலும் 12-ஆம் நூற்றாண்டினர் என்பது அறிஞர் பலரின் துணிபு. குன்றத்தூர்ச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணம் பாடிய காலமும் அதுவே. கம்பரோடும் ஒட்டக்கூத்தரோடும் அவ்வையை வாதிட வைக்கும் கதைகள் அக்காலத்தைச் சுற்றிப் பின்னப்பட்டவை. அக்கதைகளை நாம் சரித்திரமாகக் கொள்வதில்லை.

இந்த அவ்வையின் பெருமை வேறுவகையானது. முன்னவர் வேந்தரின் அவையில் பேசினார். இவர் உழவனின் திண்ணையில் பேசினார். ஓரிரு சொற்களில் ஓர் அறம். குழந்தையின் நாவுக்கு ஏற்ற அளவு. உலகத்தில் சாதி இரண்டுக்கு மேல் இல்லை, கொடுப்பவர் உயர்ந்தவர், கொடாதவர் தாழ்ந்தவர் என்று நல்வழியிலே தீர்ப்புக் கூறினார். இத்தீர்ப்பு வழங்கி ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் ஆகியும் மேல்முறையீடு செய்து கொண்டிருப்போரை என்னென்பது! 1708-ஆம் ஆண்டிலேயே தரங்கம்பாடியில் வாழ்ந்த ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு கொன்றைவேந்தனைத் தம் தாய்மொழியில் பெயர்த்தார். தமிழரின் ஒழுக்கத்தை ஐரோப்பியருக்கு அறிவிக்க அவர் தேர்ந்த நூல்களுள் ஒன்று ஒரு பெண் எழுதியது.

ஆயினும் இங்கே ஒரு முள் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. ஆத்திசூடியின் 109 வாக்கியங்களுள் ஒன்று, பெண்ணின் சொல்லைக் கேளாதே என்று கூறுகிறது. பெண்ணே பெண்ணைப் பற்றி இப்படிச் சொன்னாளா? மனைவியின் தவறான சொல்லைக் கேட்டு அறந்தவறாதே என்பதுதான் கருத்து என்று உரைகாரர் சிலர் சமாதானம் கூறுவர். இச்சமாதானம் நமக்குத் திருப்தியளிக்கவில்லை. வாக்கியம் வாக்கியந்தான். தொண்டைமானின் ஆயுதசாலையிலே நின்று பேசிய ஸ்திரீ இதை எழுதியிருக்க இயலாது என்பது நமது திடமான அபிப்பிராயம். இரு அவ்வையரையும் ஒருத்தியாகக் கொள்பவர்கள், தூது சென்ற நாவையே பெண் சொல் கேளாதே என்றும் சொல்ல வைக்கிறார்கள். இடைப்பட்ட ஆயிரம் ஆண்டுகளில் தமிழ்ப் பெண்ணின் நிலை எவ்வளவு இறங்கிற்று என்பதை அளந்து காட்டும் கோலாக அவ்வொரு வாக்கியம் இருக்கிறது. ஒருத்தி என்று சொன்ன கணத்திலே அளவுகோல் முறிந்துவிடுகிறது; வீழ்ச்சியே நடக்கவில்லை என்றாகிவிடுகிறது.

பாரதியார் இதனை உணர்ந்தவர். அவ்வையை அவர் போற்றியவர். ஆனாலும் புதிய ஆத்திசூடி எழுதியபோது, அதே எழுத்து வரிசையில் பெண்ணை உயர்த்துமாறு கட்டளையிட்டார். பழைய வாக்கியத்தைப் பகிஷ்கரித்துப் புதியதை அதன் ஆசனத்தில் அமர்த்திய செயல் இது. பெரியோரை வணங்குவதும் அவர் வாக்கைத் திருத்துவதும் ஒருவரிடத்திலேயே இருக்கலாம் என்பதை நமது தொண்டர்கள் அவரிடம் கற்கலாம்.

இன்னுமொரு விசித்திரம். நூற்றாண்டுக் கணக்காக ஆண்பிள்ளைகள் திண்ணையிலே அமர்ந்து அவ்வையின் வாக்கை உரக்கச் சொன்னார்கள். அதே வீட்டின் பெண் குழந்தை கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கொண்டிருந்தாள். அவளுக்கு ஏடு இல்லை. ஒரு பெண் எழுதியதைப் பெண் படிக்கலாகாது என்ற விதியை எந்த ஸ்மிருதியிலும் நாம் காணவில்லை. நடைமுறையில் மட்டும் கண்டோம்.

மூன்றாமவர் யோக மார்க்கத்து அவ்வை. விநாயகர் அகவலும், ஞானக்குறள் எனப்படும் அவ்வை குறளும் இவ்வகையின. மூலாதாரம், குண்டலி, நாடி என்று பேசும் இவ்வாக்குகள் ஆத்திசூடியின் எளிய அறத்தினின்றும் வேறுபட்ட உலகத்தவை. அவற்றைப் பாடியவர் நீதிநூல் அவ்வையினும் வேறானவர் என்போர் பலர். அவர்களோடு வாதிட நமக்குக் காரணமில்லை. தென்கோடியில், நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிச் சீமையிலும், செவ்வாய்க்கிழமை இரவில் ஸ்திரீகள் அவ்வை நோன்பு நோற்பதுண்டு. உப்பில்லாக் கொழுக்கட்டை படைத்து, அவ்வை கதையைத் தங்களுக்குள் சொல்லுவர். ஆடவர் எட்டிப் பார்க்கவும் கூடாது. வேதாரணியத்தை அடுத்த துளசியாப்பட்டினத்தில் அவ்வைக்குக் கோயிலும் உண்டு. 1930-ஆம் ஆண்டு ராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடந்து சென்ற தொண்டர்கள் உப்பெடுத்த வேதாரணியமே அது. அச்சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டுச் சிறை புகுந்த ருக்மிணி லக்ஷ்மிபதி அம்மையாரை நாம் இங்கே நினைக்காதிருக்க முடியவில்லை.

பல அவ்வையரை ஒட்டித் தைத்த நூல் யாது? கதைதான். ஆதிக்கும் பகவனுக்கும் பிறந்த எழுவருள் அவ்வை ஒருத்தி, வள்ளுவர் அவருடைய சகோதரர் என்று ஒரு கதை. விவாகத்துக்கு நாள் குறித்தபோது விநாயகரை வேண்டி இளமையையும் அழகையும் துறந்து நொடியிலே கிழவியானாள் என்று மற்றொன்று. இப்பின்னதைத்தான் நாம் கண்டிக்க விரும்புகிறோம். இக்கதையின் உட்பொருள் யாது? பெண்ணொருத்தி தெருவிலே தனியே நடக்க வேண்டுமா, சபையிலே வாய்திறக்க வேண்டுமா, அரசனுக்குப் புத்தி சொல்ல வேண்டுமா, முதலில் அவள் கிழவியாகட்டும் என்பதே. இளம்பெண் பேசினாள் என்று ஒப்புக்கொள்ள மனமில்லாத பிற்காலம், பேசியவளின் தலையிலே நரையைப் பூசிற்று. உண்மையான அவ்வைக்கு அந்த வேஷம் தேவைப்படவில்லை. சேர சோழ பாண்டியர் மூவரும் ஒருங்கே வீற்றிருந்த அரிய காட்சியைக் கண்டு, இப்படியே இணைந்து நீடு வாழ்க, இரப்பவர்க்கு ஈந்து வாழ்க என்று மூவரையும் எதிரில் நின்று வாழ்த்தியவர் அவர். மூவேந்தரும் ஒரே மன்றத்தில் இருந்த காட்சி தமிழ்நாட்டுச் சரித்திரத்தில் எத்தனை முறை கிட்டிற்று என்பதை எண்ணிப் பார்ப்பவர்க்கே அவ்வாழ்த்தின் அருமை விளங்கும்.

மேடையும் திரையும் இக்கிழவியையே மேலும் உறுதிப்படுத்தின. நாடகத்தில் அவ்வையாராக நடித்துப் பேர் பெற்ற டி. கே. சண்முகம் அவர்கள் அவ்வை சண்முகம் என்றே வழங்கப்பட்டார். சென்னையில் அவ்வையின் பெயர் தாங்கிய பெரிய சாலை அவரது நினைவாக இடப்பட்டதே. அவ்வை வேஷம் தரித்த ஆடவருக்குச் சாலை கிடைத்தது! சண்முகம் அவர்களின் கலைத்திறனில் நமக்கு மிக்க மதிப்புண்டு. வேடிக்கையைச் சுட்டாமலிருக்க முடியவில்லை என்பது தவிர வேறு குறை இல்லை. 1953-ஆம் ஆண்டு ஜெமினி ஸ்டூடியோ வெளியிட்ட படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அவ்வையாராகத் தோன்றினார். காங்கிரஸ் மேடைகளில் தேசிய கீதம் முழக்கிய அக்குரல் அவ்வைக்கு வாய்த்தது பொருத்தமே. ஆனால் அப்படம் எல்லா அவ்வையரின் வரலாற்றையும் ஒரே உடலில் ஏற்றி விட்டது. நெல்லிக்கனியும் ஒருத்திக்கே, நாவற்பழமும் ஒருத்திக்கே.

இந்நிலையில், அப்பெயரை எதிர்காலத்துக்கு உரியதாக்கியவர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். தாம்பரத்துக்கு அண்மையில் ஆதனூர்ப் பக்கத்தில் பிறந்து, முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியே ஓடிக் கடலிற் கலக்கும் ஆற்றின் பெயரால் வழங்கும் அடையாற்றிலே அவ்வை இல்லம் உள்ளது. அதை நிறுவியவர் டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையார். 1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்து, ஆடவர் கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே கற்று, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து டாக்டராக வெளிவந்தவர். சென்னைச் சட்டசபையில் அமர்ந்து அதன் உபதலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று அச்சபையில் அவர் தொடுத்த போர் எளியதன்று. சாஸ்திரத்தைக் காட்டினர் சிலர். கலையழியும் என்றனர் சிலர். அவர் அசையவில்லை.

1930-ஆம் ஆண்டு காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது அம்மையார் தமது சட்டசபைப் பதவியைத் துறந்தார். பதவியிருந்தால்தானே காரியம் நடக்கும் என்று கணக்குப் பார்ப்போர் நிறைந்த உலகில் அத்துறவு சிறிதன்று. அதே ஆண்டில், பொட்டுக்கட்டும் வாழ்விலிருந்து தப்ப விரும்பிய இளம்பெண்கள் மூவர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களை ஏற்க நகரத்து மாணவியர் விடுதிகள் முன்வரவில்லை. குலம் அறியாத பெண்களோடு எங்கள் பெண்கள் உண்பதா என்ற பழைய கேள்விதான். அம்மையார் தம் வீட்டிலேயே அவர்களுக்கு இடமளித்தார். அதிலிருந்து தோன்றியதே அவ்வை இல்லம். சாதி இரண்டொழிய இல்லை என்ற தீர்ப்பை வழங்கிய அவ்வை, தொண்டைமானுக்கு மறுமொழி கூறிய அவ்வை, இருவருள் எவரை எண்ணி அப்பெயர் இடப்பட்டிருப்பினும் அது தகும். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கொண்டிருந்த பெண்ணுக்கு அங்கே ஏடு கிடைத்தது, பள்ளியும் எழுந்தது.

பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1947-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று. 1954-இல் அடையாற்றிலேயே புற்றுநோய் மருத்துவமனையையும் அம்மையார் தோற்றுவித்தார். 1968-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அவர் காலமானார். அவ்வாண்டின் ஜனவரியிலேதான், உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி, சென்னைக் கடற்கரையில் அவ்வைக்குச் சிலை நாட்டப்பட்டது. அச்சிலையில் நிற்பவர் கோலூன்றிய கிழவியே.